டாக்கா நேரம்

"முதல்ல கையைத் துடைச்சுக்குங்க சார்."

நஷ்வான் இடுக்கியால் எடுத்து நீட்டிய வெள்ளைத் துண்டு சில்லென்று இருந்தது. எலுமிச்சம்புல் வாசனை. அஃபீஃப் அதை வாங்கிக் கையைத் துடைத்துவிட்டு எங்கே போடுவது என்று பார்த்தார். மேஜைக்குக் கீழே ஒரு பிரம்புக் கூடை இருந்தது. காலையிலிருந்து வந்து இறங்கிய விருந்தாளிகளின் கழுத்து வியர்வையும் முகப்பூச்சும் ஒட்டிய துண்டுகள் அதில் குவிந்து கிடந்தன. அவர் தன் துண்டை அதில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்குத் துண்டு கிடையாதா?" என்றாள் ரிஷ்ஃபா. "நான் சுத்தமா இருக்கேனா, இல்ல முக்கியமா இல்லையா?"

"உங்களுக்கு இல்லாமலா?" நஷ்வான் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தான். அழகான பல்வரிசை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் 'ஹந்தாஃபரு ரிசார்ட்' என்று நீலத்தில் தைத்திருந்தது.

மாலத்தீவின் மாலே விமான நிலைய வருகைக் கூடத்தில் ரிசார்ட்டுகளின் கவுன்ட்டர்கள் இரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நஷ்வான். கூடத்தைத் தாண்டிப் பத்தடி நடந்தால் படகுத்துறை. கூடத்துக்கும் படகுக்கும் நடுவே பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் பங்களாதேஷ்காரர்கள். அவர்களுக்கும் பெயர்கள் உண்டு. இந்தக் கூடத்தில் அவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை.

அந்தப் பெயர்களில் ஒன்று துலால். அவனுக்காகத்தான் அஃபீஃப் வந்திருந்தார். ரிஷ்ஃபாவின் மாமி ஷகூரா படகுத்துறையில் தேநீர்க் கடை வைத்திருக்கிறாள். காலையில் அவள்தான் போன் செய்தாள். "துலாலைத் திருடன்னு சொல்லி இன்னிக்கு மூணரை மணி டாக்கா விமானத்துல ஏத்தறாங்க. ஒம்பது வருஷமா என் கடைக்கு வர்றான். தட்டுல காசு வைக்காம ஒரு பஜியா எடுத்ததில்ல. உன் பேபேயைக் கூட்டிக்கிட்டு வா."

அஃபீஃப் ரிஷ்ஃபாவுக்குச் சொந்த அண்ணன் இல்லை. இருபது வருடம் சுங்க இலாகாவில் இருந்துவிட்டு, மாலேயில் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் ஐம்பத்திரண்டு வயது மனிதர். அவள் அங்கே நான்கு வருடமாக உதவியாள். பேபே என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவாள். அந்த முறைக்கு உண்டான மரியாதை கூப்பிடுவதோடு முடிந்துவிடும்.

"ஒரு நிமிஷம் சார், விருந்தாளி." நஷ்வான் திரும்பினான். புதிதாக வந்திறங்கிய ஒரு பருத்த வெள்ளைக்காரர் முன்னால் கையை நீட்டி, அவருடைய கடிகாரத்தைக் கேட்டு வாங்கினான். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துச் சாவித் திருகை இழுத்துத் திருப்பினான். பார்க்காமலே பொத்தான் போடுகிறவனின் வேகம் அதில் இருந்தது. அவருக்கு இங்கிலீஷில் விளக்கம் சொல்லி அனுப்பினான்.

"ரிசார்ட் தீவுல நேரம் இங்கயவிட ஒரு மணி முன்னாடி," என்றான் ரிஷ்ஃபாவிடம். "உங்களுக்குத் தெரியாததா? வந்தவங்களுக்குச் சாயங்கால வெயில் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அதுக்கு மேல நானும் என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து வெச்சு அனுப்புவேன். இல்லேன்னா படகுக்கு லேட்டா வருவாங்க, கேப்டன் என்னைத் திட்டுவார். பத்து வருஷத்துல என் ஆளுங்க ஒருத்தர் படகை விட்டதில்ல."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"பொண்ணோட கடிகாரத்தையும் வாங்கித் திருப்பி வெச்சிருந்தா சீக்கிரம் வந்திருப்பா."

நஷ்வான் ரசித்துச் சிரித்தான். அந்தச் சமயத்தில் டிராலி தள்ளி வந்த ஒரு ஆள் பெட்டியை நிறுத்துவதற்காக மேஜை ஓரத்தைப் பிடித்தான். நஷ்வானின் சிரிப்பு மாறவே இல்லை. ஆள் நகர்ந்ததும் அவன் கை வைத்த இடத்தில் இரண்டு சொட்டு கிருமிநாசினி விட்டுத் துடைத்தான்.

அஃபீஃப் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணாமப் போன அந்த அம்மாவோட கடிகாரம்," என்றார்.

"பாவம் சார். யித்கான்னு பேரு. செக் நாடு. தனியா வந்தாங்க. ஆறு நாள் முன்னாடி இங்கதான் வந்து நின்னாங்க. பெட்டியை இங்கேருந்து படகு வரைக்கும் கொண்டு போனது துலால். தீவுல போய்ப் பெட்டியைத் திறந்தா, புருஷனோட கடிகாரம் இல்ல. நேத்து தேடினா அவன் சோத்து டப்பாக்குள்ள இருக்கு. சோத்துக்குள்ள சார்!" அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான். "எனக்கு நேத்து ராத்திரி சாப்பாடே இறங்கல."

* * *

பெட்டி தள்ளுகிறவர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் அலுவலகம் படகுத்துறைக்குப் பின்னால் ஒரு தகர அறை. கதவைத் திறந்ததும் ரிஷ்ஃபா முக்காட்டின் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"இங்க யாராவது செத்துட்டாங்களா?"

"சாட்சியம்மா, சாட்சி," என்றார் மேற்பார்வையாளர் ஸுஐப். தன் மேஜையின் ஒரு மூலையைக் காட்டினார். மூடி திறந்த எவர்சில்வர் டப்பா. நேற்று மதியத்துச் சோறு, கத்தரிக்காய், மீன். ஒரு ராத்திரி முழுக்கப் புழுங்கிப் புளித்து, ஓரங்களில் நுரை கட்டியிருந்தது. ஈ மொய்த்தது. மேஜையின் மறு மூலையில் ஸுஐப் மீன் அடைத்த பஜியாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இது பக்கத்துல வெச்சுக்கிட்டு உங்களால சாப்பிட முடியுது," என்றாள் ரிஷ்ஃபா. "உங்களுக்கு ஒரு பதக்கம் குடுக்கணும்."

"பழகிடுச்சு. இவங்களோட இருபது வருஷம்."

அஃபீஃப் கடிகாரத்தைக் கேட்டார். ஸுஐப் இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார். தட்டையான, சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம். வெள்ளி முகம். தோல் வாரில் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அஃபீஃப் பையைத் திறந்து அதை எடுத்தார். மீன் நெடி விரலில் ஏறியது. காதோரம் வைத்துக் கேட்டார்.

ஓடியது.

"இதுதான் வேடிக்கை," என்றார் ஸுஐப், விரலை நக்கிக்கொண்டு. "இப்ப நம்ம நேரம் ஒண்ணு பத்து. அதுல பாருங்க."

கடிகாரத்தில் இரண்டு பதினேழு.

"ஒரு மணி நேரம் முன்னாடி. டாக்காவுல என்ன நேரம்? நம்மளவிட ஒரு மணி முன்னாடி. பயல் சாவி குடுத்து, சொந்த ஊர் நேரம் வெச்சு அழகு பாத்திருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ரிஷ்ஃபா கடிகாரத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் முதன்முதலாகக் கேலி இல்லை. பிறகு, "ரிசார்ட்டுலயும் ஒரு மணி முன்னாடிதானே?" என்றாள்.

"அம்மணி, கடிகாரம் ரிசார்ட்டுக்குப் போகவே இல்லயே. இங்கயேதான காணாமப் போச்சு? ரிசார்ட்டுக்குப் போகாத கடிகாரத்துக்கு ரிசார்ட் நேரம் எவன் வைப்பான்?"

அஃபீஃப் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சீவல் பாக்கு இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பேசவில்லை. ஈக்கள் பேசின. ஸுஐப் இன்னொரு பஜியாவை முடித்தார்.

"இவர் எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"இன்னிக்கு உற்சாகமா இருக்கார்," என்றாள் ரிஷ்ஃபா.

"நேத்து எடுத்தப்ப ஏதாவது எழுதி வெச்சீங்களா?" என்றார் அஃபீஃப் கடைசியில்.

ஸுஐப் ஒரு தாளைத் தள்ளினார். அவர் பெருமைப்பட்டுக்கொள்ளும் கையெழுத்து. 'மாலை 4.00. துலாலின் சோற்று டப்பாவில் கைக்கடிகாரம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஓடும் நிலையில் இருந்தது. கடிகாரத்தில் மணி 5.07. அதாவது டாக்கா நேரம்.'

அஃபீஃப் அதை ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். மூன்றாவது முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, அது ஒரிஜினல்."

"அதனாலதான்," என்றார். "துலால் எங்க?"

* * *

அடுத்த அறையில் துலால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். காலடியில் ஒரு துணிப்பை, கயிறு போட்டுக் கட்டியது. ஒன்பது வருடம் அதற்குள் அடங்கியிருந்தது. அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"எடுத்தியா?" என்றார் அஃபீஃப்.

"இல்ல சார்."

"டப்பா எங்க இருந்துச்சு?"

"ஓய்வு அறையில, அலமாரியில. எல்லாரோட டப்பாவும் அங்கதான் இருக்கும். பூட்டு கிடையாது சார். சோத்தை யார் திருடுவாங்க?"

"உன் மேல யாருக்காவது கோபமா?"

துலால் பையின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "போன வாரம் ஸுஐப் சார்கிட்ட ஒண்ணு சொன்னேன். ஹந்தாஃபரு கவுன்ட்டர் சார் திரைக்குப் பின்னால நின்னு ஒரு பெட்டியோட ஜிப்பைத் திறந்தார். நான் பாத்தேன். அவரும் என்னைப் பாத்தார்."

"ஸுஐப் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். 'உன் வேலையைப் பாரு'ன்னார். அப்புறம் கவுன்ட்டர் சார்கிட்டயே போய்ச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சாங்க."

ரிஷ்ஃபா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"என்னை அனுப்பட்டும் சார்," என்றான் துலால். குரல் உயரவில்லை. "ஆனா எங்க ஊர்க்காரங்க இங்க பதினோரு பேர் டிராலி தள்றாங்க. எல்லாரையும் நான்தான் சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தேன். நான் திருடன்னா அவங்களும் திருடங்கதான்னு ஸுஐப் சார் சொல்லிட்டார். அடுத்த மாசம் எல்லாரையும் மாத்தப்போறாராம். நான் ஊருல போய் இறங்கினா பதினோரு வீட்டு வாசல்லயும் நின்னு பதில் சொல்லணும்."

"உன் போனைக் கொஞ்சம் குடு."

ஓரம் உடைந்த போன். திரையில் இரண்டு நேரம் ஓடியது. மேலே மாலே, கீழே டாக்கா. வீட்டுக்குப் பேச வசதியாக வைத்திருக்கிறான். அஃபீஃப் உள்ளங்கையிலிருந்த கடிகாரத்தை அதன் பக்கத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். மென்றுகொண்டிருந்த பாக்கு நின்றது.

"பேபே?"

"இந்த போன் அரை மணி நேரம் என்கிட்ட இருக்கட்டும்," என்றார் துலாலிடம். "பையைத் தூக்காதே. இங்கயே இரு."

வெளியே வெயிலில் வந்ததும் ரிஷ்ஃபா கேட்டாள். "ஏதோ கிடைச்சிருக்கு. உங்க மூக்கு விடைக்குது. அது துப்புனாலயா, மீன் நாத்தத்தாலயா?"

"அந்த அம்மாவைப் பாக்கணும்."

* * *

ஊர் திரும்பும் யித்காவின் படகு ஒன்றரைக்கு வந்து சேர்ந்தது. எழுபதை நெருங்கும் ஒல்லியான அம்மாள். வெயிலில் சிவந்த மூக்கு. ஷகூராவின் கடை மூலையில் உட்கார வைத்துக் பால் சேர்க்காத தேநீர் கொடுத்தார்கள். அவர் பேசிய இங்கிலீஷ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பது போல வந்தது.

"தங்கினது நல்லா இருந்துச்சா?" என்று ரிஷ்ஃபா பேச்சைத் தொடங்கினாள்.

"கடல் நன்றாக இருந்தது. மனிதர்கள் தாமதக்காரர்கள். ஆறு நாளும் காலைச் சாப்பாட்டுக்குச் சரியான நேரத்துக்குப் போவேன். கதவு பூட்டியிருக்கும். நானும் ஒரு கொக்கும் வாசலில் நிற்போம்."

அஃபீஃப் நிமிர்ந்து அவருடைய இடது மணிக்கட்டைப் பார்த்தார். சாதாரண பேட்டரிக் கடிகாரம். பிறகு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்தார். அந்த அம்மாள் அதை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். நொடிமுள் நகர்ந்துகொண்டிருந்தது.

"யார் இதற்குச் சாவி கொடுத்தது?" என்றார்.

அஃபீஃப் பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என் கணவர் தினமும் காலையில் சாவி கொடுப்பார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் கொடுத்தார். அன்று மாலை போய்விட்டார். கடிகாரம் அடுத்த நாள் ஆறு இருபது வரை ஓடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் அதைத் தொட்டதில்லை. ஆறு இருபதிலேயே இருந்தது. போகிற இடமெல்லாம் அப்படியே கொண்டு போவேன்." அவர் கைக்குட்டையால் பையைத் தள்ளினார், ஒரு பூச்சியைத் தள்ளுவது போல. "திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை. இதை ஓட வைத்திருக்கிறார்கள்."

ஷகூரா கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "என்ன சொல்றாங்க?" என்றாள். ரிஷ்ஃபா சொன்னாள். ஷகூரா தன் பாஷையில் ஒரு வசவு சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஓடின காலத்துல அது சரியா ஓடுமா?" என்று கேட்டார் அஃபீஃப்.

"வாரத்துக்கு அரை நிமிடம் கூடத் தப்பாது. அதுதான் அவருக்கு இருந்த ஒரே கர்வம்."

"எங்ககூட ஒரு நிமிஷம் கூடத்துக்கு வர முடியுமா அம்மா?"

* * *

ஒன்று ஐம்பது. கூடத்தில் கூட்டம் குறைந்திருந்தது. அடுத்த பெரிய விமானத்துக்கு இன்னும் பத்து நிமிடம். நஷ்வான் யித்காவைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். துண்டுக்காக இடுக்கியை எடுத்தான்.

"துண்டு அப்புறம்," என்றார் அஃபீஃப். "ஸுஐப் சார், நீங்களும் கிட்ட வாங்க. துலாலையும் கூட்டிட்டு வாங்க."

"அவனை எதுக்கு இங்க?" நஷ்வானின் மூக்கு சுருங்கியது. "விருந்தாளிங்க வர்ற இடம் சார்."

துலால் கயிறு கட்டிய பையோடு வந்து நின்றான். கூடத்தின் ஓரத்தில் டிராலிகளோடு நின்ற பதினோரு பேரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அஃபீஃப் துலாலின் போனை மேஜைமேல் வைத்தார். "இதுல டாக்கா நேரம் என்ன, ஸுஐப் சார்?"

"ரெண்டு ஐம்பது."

செத்துப்போனவரின் கடிகாரத்தை அதன் பக்கத்தில் வைத்தார். "இதுல?"

"ரெண்டு..." ஸுஐப் குனிந்தார். "ரெண்டு ஐம்பத்தேழு. ஏழு நிமிஷம்தான சார். பழைய கடிகாரம், வேகமா ஓடும்."

"ஆமா சார்," என்றான் நஷ்வான். "கிழட்டுக் கடிகாரம்."

அஃபீஃப் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து ஸுஐப்பிடம் கொடுத்தார். "உங்க கையெழுத்து. நேத்து நாலு மணிக்கு இதுல என்ன நேரம்?"

"அஞ்சு... ஏழு."

"நேத்து நாலு மணிக்கு ஏழு நிமிஷம் அதிகம். இன்னிக்கும் அதே ஏழு நிமிஷம். கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடியிருக்கு. வேகமா ஓடற கடிகாரமா இருந்தா அந்த ஏழு வளர்ந்திருக்கணும். வளரல. அது வேகமா ஓடல. வெக்கும்போதே யாரோ ஒரு மணி ஏழு நிமிஷம் முன்னாடி வெச்சிருக்காங்க." அவர் மேஜைமேல் இருந்த போனைத் தட்டிக் காட்டினார். "துலால் டாக்கா நேரம் வெச்சிருந்தா, கையில இருக்கற போனைப் பாத்துச் சரியா வெச்சிருப்பான். அவன் எதுக்கு ஏழு நிமிஷம் சேர்க்கணும்? அவன் எந்தப் படகைப் பிடிக்கணும்?"

நஷ்வானின் கையில் இடுக்கி இன்னும் இருந்தது. அது பிடித்திருந்த துண்டிலிருந்து தண்ணீர் மேஜைமேல் சொட்டியது.

"அம்மா," என்றார் அஃபீஃப் யித்காவிடம். "உங்க கையைக் கொஞ்சம் இங்க வெக்கறீங்களா?"

அந்த அம்மாள் தன் இடது மணிக்கட்டை, கணவரின் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ரிஷ்ஃபா குனிந்து பார்த்தாள். மெதுவாக விசில் அடித்தாள்.

"ரெண்டு ஐம்பத்தேழு," என்றாள். "ரெண்டுலயும். இரட்டைப் புள்ளைங்க."

"உங்க கையில இருக்கற கடிகாரத்துக்கு நேரம் வெச்சுக் குடுத்தது யாரு அம்மா?"

யித்கா சுட்டிக்காட்டக்கூட இல்லை. நஷ்வானைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"ஆறு நாளா இந்த அம்மா கொக்கோட போய் நின்னது ஏன்னு தெரியுதா?" என்றாள் ரிஷ்ஃபா. "ரிசார்ட் நேரம் ஒரு மணி. மிச்சம் ஏழு நிமிஷம், இவரோட சொந்தப் பங்கு. கொஞ்சம் முன்னாடி என்கிட்ட பெருமையாச் சொன்னார். இந்த நாட்டுல ஆயிரத்துச் சொச்சம் தீவு இருக்கு. ஒரு மணி ஏழு நிமிஷம் ஓடற இடம் இந்த மேஜை ஒண்ணுதான்."

"எல்லாருக்கும் வெக்கறதுதான்..." என்றான் நஷ்வான். "கைப்பழக்கம்... சும்மா சாவி குடுத்தா ஓடுதான்னு பாக்கத்தான் நான்..."

நின்றான். பக்கத்துக் கவுன்ட்டர்களிலும் பேச்சு நின்றிருந்தது.

"போன வாரம் நீங்க வேற ஒரு பெட்டியைத் திறந்தப்ப துலால் பாத்துட்டான்," என்றார் அஃபீஃப். "ஸுஐப் அதை உங்ககிட்டயே வந்து சொல்லிச் சிரிச்சார். கடிகாரத்தை வெச்சுக்கறதைவிட அவனை அனுப்பறது முக்கியமாப் போச்சு." அவர் குரல் அதுவரை ஒரே மட்டத்தில் இருந்தது. இப்போது இன்னும் இறங்கியது. "அவன் கை பட்ட மேஜையைத் துடைக்கிறீங்க. அவன் சோத்துக்குள்ள விரலை விட்டுக் கடிகாரத்தை அழுத்தினப்ப, அருவருப்பா இல்லையா?"

நஷ்வான் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

"என்ன சொன்னான்?" என்றார் யித்கா. ரிஷ்ஃபா சொன்னாள். அந்த அம்மாள் தலையசைத்தார். கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"இன்று இரவு எப்போதாவது தானாக நின்றுவிடும்," என்றார். "எந்த நேரத்தில் என்று நான் பார்க்கப் போவதில்லை."

ரிஷ்ஃபா போலீஸுக்குப் போன் செய்தாள். இரண்டு காவலர்கள் வந்து நஷ்வானை அழைத்துப் போனார்கள். அவன் போகும்போது சட்டையை இழுத்துவிட்டு மடிப்பைச் சரிசெய்துகொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் கதவுகள் திறந்தன. பெரிய விமானம் இறங்கியிருந்தது. முன்னூறு பேர். பெட்டிகள், குழந்தைகள், தொப்பிகள்.

"சரி, சரி, முடிஞ்சுது!" ஸுஐப் கைதட்டினார். துலாலின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், நேற்று அங்கே எதுவுமே நடக்காதது போல. "பையை ஓரமா வெச்சுட்டுப் போ. டிராலியை எடு. எங்கப்பா மத்தவங்க?"

துலால் நகரவில்லை.

"என் பேர் வேலை லிஸ்ட்ல இல்ல சார்."

"அதைச் சாயங்காலம் எழுதிக்கலாம்."

"நேத்து எழுதி எல்லாரும் பாக்க ஒட்டினீங்க சார். திருடன்னு."

அவ்வளவுதான் சொன்னான். கூடத்தின் ஓரத்தில் பதினோரு பேர் டிராலிகளின் பிடியிலிருந்து கையை எடுத்தார்கள். முன்னூறு பேரும் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். இரண்டு வரிசையிலும் நஷ்வான்கள் கத்த ஆரம்பித்தார்கள். படகுத்துறையில் படகுகள் ஹாரன் அடித்தன.

ஸுஐப் ஒரு தாளைத் தேடினார். கிடைத்தது நஷ்வானின் மேஜையில். அவர் எழுத, ரிஷ்ஃபா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"'தவறுதலாக'ன்னு ஆரம்பிக்காதீங்க. 'துலால் திருடவில்லை'ன்னு ஆரம்பிங்க. அழகான கையெழுத்து உங்களுக்கு. மேல நேரம் போடுங்க. நம்ம நேரம்."

"சத்தமாப் படிங்க," என்றார் அஃபீஃப்.

ஸுஐப் படித்தார். முதல்முறை குரல் எழும்பவில்லை. இரண்டாம் முறை படித்தார். துலால் தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தான். ஓரத்தைப் பார்த்துத் தலையசைத்தான். பதினோரு டிராலிகளும் ஒரே சமயத்தில் உருண்டன.

"சார், என் டப்பா?" என்றான் ஸுஐப்பிடம்.

"அதை இப்பதான் குப்பையில போடச் சொன்னேன்."

துலால் தகர அறைப் பக்கம் போனான். குப்பைத் தொட்டிக்குள் தோள் வரை கைவிட்டு டப்பாவை எடுத்தான். குழாயடியில் உட்கார்ந்து மணல் போட்டுத் தேய்த்தான். ஸுஐப் அந்தப் பக்கம் பார்க்காமல் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

ரிஷ்ஃபா எதுவும் சொல்லாமல் இவ்வளவு நேரம் இருந்து அஃபீஃப் பார்த்ததில்லை.

ஷகூராவின் கடைக்குப் பின்னால் அவர் கை கழுவினார். சோப்புப் போட்டு ஒருமுறை. மறுபடி ஒருமுறை. எலுமிச்சை பிழிந்து மூன்றாம் முறை. விரல்களை முகர்ந்து பார்த்தார்.

"இன்னும் போகலையா பேபே?"

"மீன் வாசனை போயிடுச்சு," என்றார். "அந்தத் துண்டு வாசனைதான் போகமாட்டேங்குது."